டொலேடோ: மணிக்கட்டில் பட்டை, பையில் பைனாகுலர்

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினின் டொலேடோ நகரத்துப் பழைய தேவாலயங்களைப் பற்றி வந்த கேள்விகளில், பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறோம். நுழைவுக் கட்டணம் அடிக்கடி ஏறும். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்ரிடில் தங்குகிறோம். டொலேடோவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எத்தனை கோயில் பார்க்கலாம், எதில் தொடங்கலாம்?

நான்கு. கால் வலு இருந்தால் ஐந்து. பத்து என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் நான்காவது கோயிலுக்குப் பிறகு தூணைப் பார்ப்பதில்லை, உட்கார பெஞ்சு எங்கே என்றுதான் பார்க்கிறார்கள்.

மாட்ரிடின் அத்தோச்சா நிலையத்திலிருந்து அவாந்த் என்ற அதிவேக ரயில் ஏறக்குறைய 33 நிமிடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். வார இறுதியில் காலை ரயில்கள் நிரம்பிவிடும், ஆகவே திரும்புவதற்கும் சேர்த்தே சீட்டு எடுங்கள். ஸ்டேஷனிலிருந்து அல்காந்தரா பாலத்தைக் கடந்து மேடேறி ஊருக்குள் நடக்க 20 முதல் 25 நிமிடம்.

காலை 10 மணிக்குப் பேராலயம் திறக்கும்போது வாசலில் இருங்கள். மாட்ரிடிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் அதற்குப் பிறகுதான் ஊருக்குள் ஏறும். உள்ளே இரண்டு மணி நேரம். அடுத்து எல் சல்வதோர் கோயிலுக்குக் கால் மணி நேரம். பிற்பகல் 2 மணிக்கு மேல் ஊரே சாப்பாட்டுக்கு உட்காரும். குழுக்களும் உணவகங்களுக்குள் போய்விடும். அந்த இடைவெளியில் சாந்தோ தொமேவுக்குள் நுழைந்தால் எல் கிரேக்கோ என்ற ஓவியரின் படத்துக்கு முன்னால் முண்டியடிக்க வேண்டியிருக்காது. பிறகு யூதர் தெருக்கள் வழியாகச் சாந்தா மரியா லா பிளாங்கா, கடைசியில் சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸ். சாந்தோ தொமேவிலிருந்து இவை எல்லாம் சில நிமிட நடைதான்.

இந்த வரிசையில் ஒரு பொறி உண்டு. சான் ஹுவான் ஊரின் மேற்குக் கோடியில், ரயில் நிலையமோ கிழக்கே ஆற்றுக்கு அப்பால். நடுவே இருப்பது மேடும் பள்ளமுமான, நேராகவே ஓடாத சந்துகள். குறுகிய சுவர்களுக்கிடையே கைப்பேசி வரைபடமும் தடுமாறும். திரும்பி நடக்க 40 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டாக்சி பிடியுங்கள். கடைசி அரை மணியில் ஓடி ரயிலைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதானால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். அன்று காலையில் பேராலயத்தில் வழிபாடு மட்டுமே. பார்வையாளர்களைப் பிற்பகல் 2 மணிக்குத்தான் விடுவார்கள்.

இரவு தங்க முடிந்தால், மறுநாள் காலையை ஊரின் வடக்குச் சரிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிசாக்ரா வாசலில் தொடங்கி சாந்தியாகோ தெல் அர்ரபால், கிறிஸ்தோ தெ லா லூஸ், சான் ரொமான் என்று ஏறுவது. இந்த ஊரின் உண்மையான ருசி அந்தப் பாதையில்தான்.

கேள்வி: 'புல்சேரா' என்ற மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் லாபமா?

ஏழு இடங்களுக்கான கூட்டு நுழைவு அது. சாந்தோ தொமே, சாந்தா மரியா லா பிளாங்கா, சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸ், கிறிஸ்தோ தெ லா லூஸ், எல் சல்வதோர், இயேசு சபையாரின் சான் இல்தெஃபோன்சோ, தொன்செல்யாஸ் நோப்லெஸ் கல்லூரி. தனித்தனியாக வாங்கினால் ஓர் இடத்துக்கு நான்கு யூரோ அளவில் ஆகும். நான்காவது இடத்தில் பட்டையின் காசு திரும்பிவிடும். மூன்றே இடம் என்றால் தனிச்சீட்டே போதும்.

கையிலிருந்து கழற்றாத வரைக்கும்தான் அது செல்லும். இரவில் இறுக்குகிறது என்று கத்தரித்துவிட்டு மறுநாள் காலையில் துண்டை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். கட்டும்போதே ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள்.

பேராலயம் இதில் சேராது, அதற்குத் தனிச்சீட்டு. எல் திரான்சிதோ யூதத் தொழுகைக்கூடமும் சேராது. அது அரசு அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை, சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் இலவசம். பட்டைக்குரிய இடங்கள் காலை 10 மணிக்குத் திறந்து, மார்ச் முதல் அக்டோபர் நடு வரை மாலை 6.45க்கும் குளிர்காலத்தில் 5.45க்கும் மூடும். மதிய இடைவேளை கிடையாது.

கேள்வி: பேராலயத்துக்குள் நுழைந்ததும் திகைத்துப்போகிறோம். எதை விட்டு எதைப் பார்ப்பது?

1226-இல் தொடங்கி 1493-இல் கூரை மூடிய கட்டடம் அது. நீளம் ஏறக்குறைய 120 மீட்டர், ஐந்து நடைக்கூடங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தால் ஒன்றும் மனதில் தங்காது. நான்கு இடங்களில் நின்று பாருங்கள்.

முதலில் நடுக்கூடத்தில் இருக்கும் பாடற்குழு இருக்கைகள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் மேல்வரிசை பெர்ருகேத்தேயும் பிகார்னியும் செய்தது. அழகுதான். ஆனால் கீழ்வரிசைக்குக் குனியுங்கள். ரோத்ரிகோ அலெமான் 1489 முதல் 1495 வரை வால்நட் மரத்தில் செதுக்கிய 54 சாய்வுப் பலகைகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடாவோடு நடந்த போரில் வீழ்ந்த ஒரு கோட்டை, சுவரில் ஏணி, முற்றுகைப் பீரங்கி, சாவியை நீட்டும் தளபதி. கவனிக்க வேண்டியது ஆண்டை. கிரனாடா வீழ்ந்தது 1492 ஜனவரியில்தான். உளி ஓடத் தொடங்கியபோது போர் முடியவில்லை. ஆகவே இதைப் பழங்கதைச் சிற்பமாகப் பார்க்காதீர்கள், அந்தக் காலத்துச் செய்தித்தாள் இது. பல பலகைகளில் ஊரின் பெயரையும் வெட்டியிருப்பார்கள். திருப்பலி நேரத்தில் கம்பிக்கதவு அடைத்திருக்கும், திறந்ததும் திரும்பி வாருங்கள்.

அடுத்தது 'திரான்ஸ்பரெந்தே'. பெரிய பீடத்துக்குப் பின்னால் சுற்றுநடையில் இருக்கிறது. பீடத்தின் நடுவில் வைக்கப்பட்ட நற்கருணை அப்பத்துக்குப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பதுதான் பிரச்சினை. கோத்திக் சுற்றுநடையோ இருட்டு. நர்சீசோ தொமே 1721 முதல் 1732 வரை இரண்டு துணிச்சலான காரியங்கள் செய்தார். பீடத்தின் பின்சுவரைத் துளைத்தார். அதற்கு எதிரே சுற்றுநடையின் கற்கூரையையும் வெட்டித் திறந்தார். கோத்திக் கூரையின் பாரம் விலா வளைவுகள் வழியாகத் தூண்களுக்கு இறங்குகிறது, இடையில் இருப்பது நிரப்புக் கல். அதனால்தான் கூரை இடிந்து விழவில்லை. அந்தத் துளையைச் சுற்றிச் வானதூதர்களும் இறைவாக்கினர்களும் தொற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலோர் பளிங்குச் சிற்பத்தைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் சிற்பத்துக்கு முதுகைக் காட்டித் தலையைத் தூக்குங்கள், துளை உங்களுக்கு மேலேதான் இருக்கிறது. சாளரம் கிழக்கு நோக்கியது, காலையில் வருவதன் பயன் இங்கே தெரியும்.

மூன்றாவது சக்கிரீஸ்து, குருக்கள் உடைமாற்றும் அறை. எல் கிரேக்கோ 1577–79-இல் வரைந்த, ஆண்டவரின் ஆடை களையும் ஓவியம் அங்கே நேர் எதிர்ச்சுவரில் இருக்கிறது. சிவப்பு அங்கியின் அந்த நிறத்தை எந்த அச்சுப்படத்திலும் பார்க்க முடியாது. மேற்கூரை ஓவியம் லூக்கா ஜொர்தானோவுடையது.

நான்காவது கருவூலத்தில் இருக்கும் கதிர்ப்பாத்திரக் கோபுரம், நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் பாத்திரத்துக்கான கூடு. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் என்ரிகே தெ அர்ஃபே செய்தது, ஆள் உயரத்தை விஞ்சும். உள்ளே இருக்கும் தங்கக் கதிர்ப்பாத்திரத்தில் 18 கிலோ அளவுக்குத் தங்கம், வெளிக்கூட்டில் 180 கிலோவுக்கு மேல் வெள்ளி. திருகாணி திருகாணியாகக் கோத்தது, கழற்றி மாட்டலாம். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவன்று இது ஊர்வலமாகத் தெருவுக்கு வரும். டொலேடோ இன்னும் அந்த விழாவைப் பழைய முறைப்படி வியாழக்கிழமையிலேயே, ஈஸ்டருக்கு 60 நாள் கழித்துக் கொண்டாடுகிறது. தெருக்களுக்கு மேலே துணிப்பந்தல், காலடியில் தைம், ரோஸ்மேரி தழைகள். அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, கோயில்களின் நேரமும் மாறும்.

நடந்துபோகும்போது கூரையிலிருந்து தொங்கும் சிவப்புத் தொப்பிகளையும் பாருங்கள். நேர் கீழே அடக்கமாகியிருக்கும் கர்தினால்களின் தொப்பிகள் அவை. தானாக நைந்து விழும் வரை எடுப்பதில்லை.

கேள்வி: ஊர் முழுக்கக் கோயில் கோபுரங்கள் பள்ளிவாசல் மினார் மாதிரியே இருக்கின்றன. இவையெல்லாம் மாற்றப்பட்ட பள்ளிவாசல்களா?

சில மட்டும்தான். மற்றவை முதலிலிருந்தே தேவாலயமாகக் கட்டியவை. குழப்பம் நியாயமானது, டொலேடோவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

1085-இல் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ முஸ்லிம்களிடமிருந்து ஊரைப் பிடித்தார். ஆட்சி மாறியது, கொத்தனார்கள் மாறவில்லை. கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் தங்கிவிட்ட முஸ்லிம்களுக்கு முதேஹார் என்று பெயர். அவர்கள் வழிவந்த கட்டடப் பாணிக்கும் பின்னாளில் அதே பெயர் நிலைத்தது. புதுக் கோயில் கட்டச் சொன்னால் கைக்குத் தெரிந்த செங்கல், கைக்குத் தெரிந்த வளைவுதானே வரும்?

சுவருக்கு ஓரடி தூரத்தில் நின்று பாருங்கள். கரடுமுரடான உடைகற்கள் ஒரு பட்டையாக, அதன்மேல் ஒன்றோ இரண்டோ வரிசைச் செங்கல், மறுபடி கல், மறுபடி செங்கல். மூலைகளில் முழுக்கச் செங்கல். அழகுக்காகச் செய்தது மட்டுமல்ல. மலையில் கிடைக்கும் கல் கடினமானது, சதுரமாகச் செதுக்கக் காசும் நாளும் ஆகும். செதுக்காத கல்லை அடுக்கினால் மட்டம் தப்பும், மூலை பிதுங்கும். ஆகவே சில சாண் உயரத்துக்கு ஒருமுறை செங்கல் வரிசை போட்டு மட்டத்தைச் சரிசெய்து, மூலையையும் செங்கல்லால் கட்டிப்போட்டார்கள். செங்கல் மெலிசு, இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து சில இடங்களில் செங்கல் அளவுக்கே தடிமன். இந்தக் கல்–செங்கல் அடுக்கை ஒருமுறை கண் பழகிவிட்டால் ஊரில் எந்தச் சுவர் பழசு, எது போன நூற்றாண்டில் பூசி ஒட்டியது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பாடம் படிக்க ஏற்ற இடம் கிறிஸ்தோ தெ லா லூஸ், 'ஒளியின் கிறிஸ்து'. இது உண்மையிலேயே பள்ளிவாசல். முகப்பின் மேல்பகுதியில் செங்கல்லையே எழுத்தாக நிறுத்தி அரபியில் ஒரு வரி ஓடுகிறது. ஹிஜ்ரி 390, அதாவது 999-இல் கட்டி முடித்ததாகச் சொல்லும் வரி, வலமிருந்து இடமாக. உள்ளே எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர்தான். நான்கு தூண்கள், ஒன்பது சிறு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் விலா வளைவுகள் வேறு வேறு கோலமாகப் பின்னியிருக்கும். ஒன்பதில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது. தூண்களின் தலைப்பு அதற்கும் பழைய, முஸ்லிம்களுக்கு முன் இங்கே ஆண்ட விசிகோத் மக்களின் கட்டடங்களிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. உயரமும் செதுக்கலும் ஒத்துப்போகாததிலேயே தெரியும்.

1186-இல் இது புனித யோவான் சபை வீரர்களுக்குப் போனது. பீடத்துக்காக அவர்கள் அரைவட்ட முகடு ஒன்றைச் சேர்த்தார்கள். பள்ளிவாசலுக்கும் அந்தச் சேர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு. வெளியே தோட்டப் பக்கம் நின்று ஒட்டிய இடத்தைத் தேடிப் பாருங்கள், அதே செங்கல், அதே குருட்டு (திறப்பில்லாத, சுவரோடு ஒட்டிய) வளைவுகள், சட்டென்று பிடிபடாது. உள்ளே போனால்தான் வித்தியாசம். ஒரு பக்கம் ஒன்பது கட்டங்கள், மறுபக்கம் முகட்டில் அமர்ந்த கிறிஸ்துவின் சுவரோவியம்.

எல் சல்வதோரும் பள்ளிவாசலாக இருந்ததுதான். பெரிய ஆரவாரம் இல்லாத கோயில், ஆகவே கூட்டமும் இருக்காது. வளைவுகளைத் தாங்கும் வரிசையில் ஒரு விசிகோத் சதுரத்தூண் இருக்கிறது. குருடனைக் குணமாக்குவது, லாசரை எழுப்புவது, சமாரியப் பெண், பெரும்பாடுள்ள பெண் என நான்கு காட்சிகள் அதில் மேலிருந்து கீழாக. முகங்கள் சிதைந்திருக்கின்றன. ஒரே தூண் தேவாலயத்துக்குச் செதுக்கி, பள்ளிவாசலைத் தாங்கி, மறுபடி தேவாலயத்தில் நிற்கிறது.

கோபுரங்களுக்கு வருவோம். சான் ரொமான், சாந்தோ தொமே கோபுரங்கள் மினாரைப் போலவே சதுரம். ஆனால் உச்சியில் அகலமான மணிச்சாளரங்கள் இருந்தால் மணிக்கூண்டாகப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பைனாகுலரை எடுங்கள். சாந்தோ தொமே கோபுரத்தின் குருட்டு வளைவுகளைத் தாங்கும் குட்டித் தூண்கள் கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை, பளபளப்புப் பூச்சிட்ட சுட்டமண். வெறுங்கண்ணுக்கு இது கிடைக்காது.

சான் ரொமானுக்குள் கட்டாயம் போங்கள். 1221-இல் அர்ச்சிக்கப்பட்ட இந்தக் கோயில் இப்போது விசிகோத் அருங்காட்சியகம். சுவரில் புனிதர்களும், கல்லறையிலிருந்து எழும் மரித்தோரும். அவற்றைச் சுற்றிச் சிவப்பு–வெள்ளை லாட வளைவுகள், அரபி எழுத்துப் போன்ற அலங்காரப் பட்டை. கோயிலுக்குள் அரபி எழுத்தா என்று அன்றைக்கு ஒருவரும் கலங்கவில்லை.

கேள்வி: சாந்தோ தொமேவில் ஒரே ஒரு ஓவியத்துக்காகக் கட்டணமா? கோயிலைச் சும்மா பார்க்க முடியாதா?

முடியும். கோயிலுக்கு வேறு வாசல், வழிபாட்டு நேரத்தில் இலவசம். கட்டணம் ஓவியம் இருக்கும் பக்கக் கூடத்துக்கு.

ஓர்காஸ் பிரபு கொன்சாலோ ரூயிஸ் 1323-இல் இறந்தார். புனித ஸ்தேவானும் புனித அகுஸ்தீனாரும் இறங்கிவந்து அவரை அடக்கம் செய்ததாக மரபு. ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் இந்தக் கோயிலுக்கு 2 ஆட்டுக்கடா, 16 கோழி, 2 தோல்பை திராட்சை மது, 2 சுமை விறகு, 800 மரவேதி நாணயம் தர வேண்டும் என்று அவர் உயில். இரு நூற்றாண்டு கழித்து ஊரார் நிறுத்திவிட்டார்கள். பங்குச் சாமியார் அந்திரேஸ் நூன்யெஸ் வழக்குப் போட்டு வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகுதான் 1586-இல் எல் கிரேக்கோவிடம் ஓவியத்துக்கு ஒப்பந்தம். முடிந்ததும் மதிப்பீட்டாளர்கள் 1,200 துக்காத் பொற்காசு என்றார்கள். அதிகம் என்று கோயில் தரப்பு மறுமதிப்பீடு கேட்டது. வந்தவர்கள் 1,600 என்றார்கள்! கடைசியில் பழைய 1,200-க்கே முடிந்தது.

4.8 மீட்டர் உயரம், 3.6 மீட்டர் அகலம். அருங்காட்சியகத்துக்கு நகராமல், வரைந்த இடத்திலேயே, பிரபுவின் கல்லறைக்கு மேலேயே இருக்கிறது. இதுதான் கட்டணத்துக்கு நியாயம். இரு புனிதர்களும் உடலைத் தாழ்த்துவது கீழே நிஜமாகவே இருக்கும் கல்லறைக்குள். தனிப் படமாகப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியாது. இடப்பக்கம் தீப்பந்தம் பிடித்த சிறுவன் ஓவியரின் மகன். சட்டைப்பையில் துருத்தும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த ஆண்டு. ஸ்தேவானின் மேலங்கி விளிம்பில் அவர் கல்லெறிந்து கொல்லப்படும் காட்சி தையல் வேலையாக வரைந்திருக்கிறது. படமெடுக்கத் தடை. அதுவும் நல்லதுதான், கண்ணால் பார்ப்பார்கள்.

கேள்வி: யூதர்களின் தொழுகைக்கூடங்களுக்கு ஏன் மாதாவின் பெயர்?

பறித்துத் தேவாலயமாக்கியதால். சாந்தா மரியா லா பிளாங்காவை 1180-ஐச் சேர்ந்தது என்பது மரபு. பிந்தியது என்பாரும் உண்டு. புனித வின்சென்ட் ஃபெரர் 1411-இல் இங்கு வந்து பிரசங்கம் செய்த காலத்தில் அது யூதர்களின் கையை விட்டுப் போனது. உள்ளே 32 தூண்கள், லாட வளைவுகள், எல்லாமே வெள்ளை. தூண்தலைப்புகளில் ஊசியிலைக் காய்கள். கல் அல்ல, சுதைவேலை. யூதர்கள் கேட்டார்கள், இஸ்லாமியக் கலைமரபில் கட்டினார்கள், கிறிஸ்தவர்கள் பெயரிட்டார்கள். கிழக்குக் கோடியில் தெரியும் மூன்று பீட அறைகள் 16ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை, அவற்றை மனதால் அழித்துவிட்டுப் பாருங்கள்.

எல் திரான்சிதோ வேறு ரகம். அரசரின் கருவூல அதிகாரி சாமுவேல் ஹ-லேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஒரே நீளக் கூடம், சுவரின் மேல்விளிம்பு முழுக்க எபிரேய எழுத்துப் பட்டை. 1492-இல் யூதர்கள் நாடு கடத்தப்பட்டதும் இதுவும் கோயிலானது.

கேள்வி: சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸின் வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றனவே?

கிரனாடா போரில் விடுவிக்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் விலங்குகள், அரசி இசபெல் மாட்டச் சொன்னவை. கருங்கல்லில் கறுப்பு இரும்பு. வெயில் சரிந்த மாலையில் நிழலோடு சேர்ந்து நன்றாகத் தெரியும்.

இசபெலும் அவர் கணவர் அரசர் ஃபெர்னாந்தோவும் தங்கள் கல்லறைக்காக 1477-இல் தொடங்கிய ஆலயம் இது, கட்டியவர் ஹுவான் குவாஸ். கிரனாடா கைக்கு வந்ததும் அங்கேயே அடக்கம் ஆவதென்று முடிவை மாற்றிக்கொண்டார்கள். உள்ளே கழுகு தாங்கும் அரச சின்னங்களில் ஒரு சிறு விளையாட்டு. கிரனாடா வெற்றிக்குப் பிறகு செதுக்கிய சின்னங்களின் அடியில் மாதுளம்பழம் சேர்க்கப்பட்டது, அந்த ஊர்ப்பெயருக்கே மாதுளை என்றுதான் பொருள். இங்கே பழத்தைத் தேடுங்கள். இல்லாத சின்னம் 1492-க்கு முந்தியது.

மடத்தின் உள்முற்றத்தில் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடாதீர்கள். மேல்தளத்தில் முதேஹார் மரக்கூரை. 1808-இல் நெப்போலியனின் படை நிறைய அழித்தது, பின்னர் புதுப்பித்தார்கள். கூரைநீர் கொட்டும் பூத வாய்களில் பல அந்தப் புதுப்பிப்பைச் சேர்ந்தவை.

கேள்வி: பேராலயத்தில் 'மொசாரபே' திருப்பலி என்று ஒன்று நடக்கிறதாம். சாதாரணத் திருப்பலியிலிருந்து எப்படி வேறு?

முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மொசாரபேக்கள். 1080-இல் காஸ்தில் அரசு ரோம வழிபாட்டு முறையை ஏற்றபோதும் டொலேடோவின் ஆறு பங்குகள் பழைய ஹிஸ்பானிய முறையை விடவில்லை. அழியும் தறுவாயில் கர்தினால் சிஸ்னெரோஸ் 1500-இல் அதன் பூசைப் புத்தகத்தை அச்சிட்டு, பேராலயத்திலேயே ஒரு சிற்றாலயத்தை ஒதுக்கினார்.

வித்தியாசங்களைக் காதால் பிடிக்கலாம், கண்ணாலும் பிடிக்கலாம். சமாதான வாழ்த்து எழுந்தேற்றத்துக்கு முன்பே வந்துவிடும். 'பரலோகத்தில் இருக்கிற' செபத்தை குரு சொல்ல, ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சபை 'ஆமென்' சொல்லும். அப்பம் பிட்கும்போது ஒன்பது துண்டுகள்: மனித அவதாரம், பிறப்பு, விருத்தசேதனம், காட்சி, பாடுகள், மரணம், உயிர்ப்பு என ஏழு துண்டுகள் சிலுவை வடிவில், பக்கத்தில் மகிமை, அரசு என்று இரண்டு.

காலையில், பார்வையாளர் நேரத்துக்கு முன்பே நடக்கும். வழிபட வருகிறவர்கள் வடக்குப் பக்கக் கடிகார வாசல் வழியாக நுழையலாம், கட்டணம் இல்லை. கேமராவைப் பையில் வைத்து, முடியும் வரை இருக்க எண்ணமிருந்தால் மட்டும் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படிகள் அதிகமா?

படியைவிடத் தரைதான் பிரச்சினை. ஆற்றுக் கூழாங்கல் பதித்த சரிவுகள், மழையில் எண்ணெய் பூசியது போல வழுக்கும். மெல்லிய அடித்தோல் வேண்டாம், பள்ளங்கள் உள்ள ரப்பர் அடி வேண்டும். மேலேற நடக்காதீர்கள். வடக்கே ரெக்கரேதோ சாலையில் மின்படிகள் இருக்கின்றன, இலவசம். நகரப் பேருந்து ஸொகொதோவெர் சதுக்கம் வரை ஏறும்.

பேராலயத்தின் பார்வையாளர் வாசல் 'புவெர்த்தா யானா'. பெயருக்கே 'சமதள வாசல்' என்று பொருள், படியில்லாமல் நுழையலாம். சீட்டு எதிர்த்தெருக் கடையில் எடுக்க வேண்டும். வாசலில் நின்று திரும்புகிறவர்கள் உண்டு. கிறிஸ்தோ தெ லா லூஸுக்குச் செல்லும் தெரு செங்குத்து. அம்மாவை மேலிருந்து கீழாக அழைத்து வாருங்கள், கீழிருந்து ஏற்ற வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் 40 பாகை தொடும், 1 மணியிலிருந்து 5 மணி வரை தெருவில் நடக்காமல் உள்ளேயே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

கேள்வி: சின்னப் பங்குக் கோயில்கள் எப்போது போனாலும் பூட்டியே இருக்கின்றன.

சாந்தியாகோ தெல் அர்ரபால் போன்றவை பெரும்பாலும் திருப்பலியை ஒட்டித்தான் திறக்கும். கதவில் ஒட்டிய தாளில் 'மிசாஸ்' (திருப்பலிகள்) என்ற தலைப்பைத் தேடுங்கள், 'லபொராப்லெஸ்' என்றால் வேலைநாள், 'ஃபெஸ்திவோஸ்' என்றால் ஞாயிறும் விழாக்களும். கால் மணி நேரம் முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள் அல்லது வெளியே வாருங்கள். நடுவே உலாவக் கூடாது. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் பட்டைக்குரிய இடங்கள் திறக்காது.

கேள்வி: கன்னியர் மடங்களில் மசபான் என்ற பாதாம் இனிப்பு வாங்க வேண்டும். உள்ளே யாருமே தென்படுவதில்லையே?

தென்பட மாட்டார்கள், அடைபட்ட மடங்கள் அவை. வாசலுக்குள் சுவரில் ஒரு மரச்சுழல் பெட்டி இருக்கும், பெயர் 'தோர்னோ'. மணியை அடித்துக் காத்திருங்கள். உள்ளிருந்து 'அவே மரியா பூரிசிமா' என்று குரல் வந்தால், 'சின் பெகாதோ கொன்செபீதா' என்று பதில் சொல்லுங்கள். விலைப்பட்டியல் சுவரில் இருக்கும். வேண்டியதைச் சொல்லிப் பணத்தைப் பெட்டியில் வைத்தால் அது சுழன்று உள்ளே போகும், மறுசுழற்சியில் பொட்டலமும் சில்லறையும் வரும். அட்டை எல்லா மடத்திலும் செல்லாது, 5, 10 யூரோ நோட்டாக வைத்திருங்கள்.

டொலேடோ மசபான் என்ற முத்திரை உள்ள பண்டத்தில் பாதிக்குக் குறையாமல் பாதாம் இருக்க வேண்டும், மீதி சர்க்கரை. வாங்கும் சாக்கில் சாந்தோ தொமிங்கோ எல் அந்தீகுவோ மடத்துக்குப் போனால் இரண்டு காரியம் ஒன்றாக முடியும். எல் கிரேக்கோ இந்த ஊருக்கு வந்ததும் வரைந்த முதல் பீட ஓவியங்கள் அந்த ஆலயத்துக்குத்தான். சில இப்போது வேறெங்கோ போய், நகல்கள் நிற்கின்றன. 1614-இல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.